கையெழுத்து வைக்கலாமோ மாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய வாட்சப்பில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. டுபாயிலிருந்து மன்னார் அண்ணையின் மகன்.

"மாமா, அமைச்சிலை எனக்குச் சார்பா முடிவு வந்திட்டுது. பதினோராயிரத்துச் சொச்சம் திர்ஹம். ஆனா கொம்பனி கோர்ட்டுக்குப் போயிட்டுது. இப்ப மனேஜர் கூப்பிட்டு, ஐயாயிரமும் ரிக்கற்றும் தாறன், கையெழுத்து வை எண்டுறான். வைக்கலாமோ?"

பதில் போட எனக்கு ஒரு நாள் எடுத்தது. இதே கேள்வியை அவனுடைய அப்பாவும் என்னிடம் கேட்டிருக்கிறார்.

2004. சோனாப்பூர் கேம்ப். (பெயருக்கு அர்த்தம் தங்க ஊராம். வைத்தவன் நல்ல பகிடிக்காரன்.) அண்ணை பதினொரு வருசம் ஒரே கொம்பனியில் மேசன் வேலை. ஒன்பது மாதச் சம்பளம் நிலுவை. வழக்குப் போட்டார். தொழிலாளி கோர்ட்டுக் கட்டணம் கட்டத் தேவையில்லை, அது ஒரு புண்ணியம். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலமும் அரைகுறை ஹிந்தியும் தெரியும் என்பதால் மக்தூம் பாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் கோர்ட்டுக்கு நான்தான் கூட அலைந்தேன். வென்றார். சம்பளப் பாக்கி, சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்த்து 26,000 திர்ஹத்துக்குக் கிட்ட. அன்று கேம்பில் கோழிக்கறி.

தீர்ப்பை நிறைவேற்றும் பகுதிக்கு அரபியில் 'தன்ஃபீஸ்' என்று பெயர். அங்கே போனோம். யன்னலுக்குள் இருந்தவர் கடதாசியைப் பார்த்துவிட்டு ஒரு சொல்தான் சொன்னார்: "இஸ்தினாஃப்." மேன்முறையீடு. முப்பது நாள் தவணையில் இருபத்தொன்பதாவது நாள் கொம்பனி போட்டிருக்கிறது.

அந்த நாட்டுச் சட்டம் இப்படி. முதல் கோர்ட்டின் தீர்ப்பு மேன்முறையீட்டுக்குப் போனால், உடனே நிறைவேற்று என்று தனிக் கட்டளை இல்லாதபோது, பொதுவாக அது நின்றுவிடும். அதற்கும் மேலே, கடைசிக் கோர்ட்டுக்குப் போகிறவருக்குத்தான் கதை மாறும். அங்கே தீர்ப்பு தன்பாட்டில் நிற்காது. திருத்தமுடியாத நட்டம் வரும் என்று காட்டி நிறுத்தச் சொல்லிக் கேட்கவேண்டும், நீதிபதி பிணையும் கேட்கலாம். எங்கட இலங்கைச் சட்டத்திலும் மேன்முறையீடு போட்டதாலை மட்டும் தீர்ப்பு நிற்பதில்லை. பெரிய நட்டம் வரும் என்று காட்டவேணும், பிணையும் வைக்கவேணும். வேலிக்கதியாலுக்கு மூன்று தலைமுறை வழக்காடிய சனத்துக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு.

கொம்பனிப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். காசைக் கொடுத்து, அண்ணை மன்னாருக்குப் பறந்து, பிறகு மேல்கோர்ட் தீர்ப்பை மாற்றினால் அவரிடம் யார் போய் வாங்குவது? சரி. அப்படியென்றால் காசைக் கோர்ட்டிலே கட்டிவிட்டு வழக்காடட்டும். வென்றவரின் கையும் வெறுமை, கோர்ட்டின் பெட்டியும் வெறுமை, தோற்றவரின் கையில் மட்டும் காசு என்றால், அவர் ஏன் அவசரப்படப்போகிறார்?

இரண்டு தவணை தள்ளிப்போனது. விசா முடிந்தது. வேறிடத்தில் வேலை செய்தால் கள்ள வேலை. பக்கத்து அறை வங்காளிகளின் பருப்பில்தான் அண்ணை சாப்பிட்டார். ஒருநாள் கொம்பனியின் ஆள் ஒரு கடதாசியோடு வந்தான். 'தனாசுல்' என்பார்கள், உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம். 7,000 திர்ஹமும் ரிக்கற்றும்.

"தம்பி, என்ன செய்வம்?"

"வையுங்கோ அண்ணை" என்றேன்.

அந்த மேன்முறையீடு விசாரிக்கப்படவேயில்லை.

மூன்று வருசம் கழித்து, 2007 இல், பிரான்சில் என் அகதி விண்ணப்பத்தை ஒஃப்ரா நிராகரித்தது. ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்தேன். என்னுடையதுபோல வழமையான நடைமுறையில் போன விண்ணப்பம் என்றால், முடிவு வரும்வரை திருப்பி அனுப்பமுடியாது. அந்த இடைநிறுத்தம்தான் என்னை லா சப்பலில் உயிரோடு வைத்திருந்தது. ஊரில் சண்டை உச்சத்திலிருந்த காலம். அண்ணையைப் பட்டினிபோட்ட அதே ஏற்பாடு எனக்குச் சோறு போட்டது. ஆகவே நிறுத்திவைப்பதே அநியாயம் என்று நான் எழுதினால் நன்றிகெட்டவன். ஆனால் என்னை அனுப்பியிருந்தால் திருப்பி எடுக்கமுடியாது. காசு அப்படியா?

சரி, மகனின் கதை. 2024 தொடக்கத்திலிருந்து 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத தொழில் பிணக்குகளில் தொழில் அமைச்சே நிறைவேற்றக்கூடிய முடிவைக் கொடுக்கலாம். ஏற்காதவர் 15 வேலைநாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். போனால் முடிவு நிற்கும், அது மாறவில்லை. ஆனால் 2024 ஓகஸ்ட் கடைசியில் வந்த திருத்தத்தின்படி வழக்கு முதல்நிலைக் கோர்ட்டுக்கே போகும். மூன்று வேலைநாளில் தவணை குறிக்கவேண்டும், 30 வேலைநாளில் தீர்க்கவேண்டும், அதுவே இறுதி. இருபத்தொன்பதாவது நாள் விளையாட்டுக்கு அதற்குமேல் படி இல்லை. பிணக்கால் சம்பளம் நின்றுபோனால் இரண்டு மாதம்வரை கொடுக்கச்சொல்லி அமைச்சு கட்டளையிடவும் முடியும். இதைக் கேட்டுப்பார்த்தாயா என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

திங்கள் இரவு குரல்பதிவு போட்டேன். "வைக்காதை. கட்டிலுக்கு எவ்வளவு வாடகை, சாப்பாட்டுக்கு எவ்வளவு எண்டு கணக்குச் சொல்லு. ரெண்டு மாசத்துக்கு நான் அனுப்பிறன். அப்பாவிட்டைச் சொல்லாதை."

சொல்லிவிட்டான்போல. அடுத்தநாள் மன்னாரிலிருந்து அண்ணையே எடுத்தார். ஊர்ப்புதினம், மழை, முழங்கால் வருத்தம் எல்லாம் கதைத்தார். அந்தக் கடதாசியைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. வைக்கும்போது மட்டும், "வட்டிக்கோ தம்பி அனுப்பிறாய்?" என்று கேட்டுச் சிரித்தார்.