ஏட்டில் ஏறாதவர்கள்

கொசத்தலை ஆறு பாயும் பள்ளத்தாக்கிலே, பூண்டி ஏரியை அடுத்ததொரு பள்ளியிலே, பிள்ளைகட்கு வரலாறு கற்பிக்கும் பணி நம்முடையது. கல்லூரியிலே பிரெஞ்சுப் புரட்சி படித்தோம். பாஸ்டில் சிறை தகர்ந்த 1789ஆம் ஆண்டை உறக்கத்திலும் உரைப்போம். நாம் நிற்கும் மண்ணின் கதையை மட்டும் எவரும் கற்பித்தாரில்லை. எனவே ஒருநாள், "உங்கள் ஊர் வரலாற்றை எழுதி வாருங்கள்" என்று மாணவரிடம் கூறினோம்.

மறுநாள் வந்த தாள்களிலே பெரும்பாலும் ஒரே கதை. கண்ணொளி இழந்த சுந்தரர், திருவெண்பாக்கத்திலே இறைவனிடம் ஊன்றுகோல் பெற்ற கதை! இருளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் மட்டும் வெள்ளைத் தாளை நீட்டினான். கடிந்துகொண்டோம்.

"எங்களுக்கு வரலாறு இல்லையாம், ஐயா" என்றான்.

சோம்பலன்று, தோழர்களே! யாரோ சொல்ல, அவன் நம்பிவிட்ட செய்தி அது. நம்மைச் சுட்டது அந்தச் சொல்.

அடுத்த விடுமுறையில் மாணவரை அழைத்துக்கொண்டு அத்திரம்பாக்கம் சென்றோம். 1863ஆம் ஆண்டு, நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்பாருடன் வந்து, கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் அது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கே அகழ்ந்தனர். மண்ணுள் புதைந்த கல்லிலே விண்கதிர்கள் விட்ட தடயம் எவ்வளவு தேய்ந்துள்ளது என அளந்து, அடியடுக்கில் கிடந்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் பூண்டி அருங்காட்சியகத்திலே பிள்ளைகள் கைக்கோடரிகளைக் கண்டு வியந்து நின்றனர்.

நமக்கோ உணர்ச்சி மேலிட்டது. "15 இலட்சம் ஆண்டுகட்கு முன்பே தமிழன் இங்கு வாழ்ந்தான்!" என்று முழங்கினோம். கைதட்டினர். வெள்ளைத் தாள் தந்தவன் மட்டும் தட்டவில்லை.

"அவர்கள் தமிழ் பேசினார்கள் என்று கல்லிலே இருக்கிறதா, ஐயா?"

வெட்கித் தலைகுனிந்தோம். 'சான்று எங்கே என்று கேள்' என அவனுக்குக் கற்பித்தவர் நாமே அல்லவா? இன்றைய மனித இனத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுக்குரியது. அத்திரம்பாக்கத்திலே கருவி செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. அவர் பேசிய மொழி இன்னதென்று உரைக்க ஏது ஆதாரம்? தலபுராணத்தைத் தள்ளிவிட்டுத் தமிழின் பெயரால் வேறொரு புராணம் புனைவதா பகுத்தறிவு? அந்தக் கல் எவருடைய குலப்பெருமைக்கும் பட்டயமன்று. பெயரெழுதி வைக்காதவரும் வாழ்ந்தார், உழைத்தார் என்பதற்கு அது சான்று. அது போதும்!

திரும்பும் வழியிலே ஏரிக்கரையில் அமர்ந்தோம். சென்னை மாநகரின் குடிநீருக்காக 1944இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். அதன் நீர்ப்பரப்பில் அகப்பட்டமையால் திருவெண்பாக்கத்து ஊன்றீசுவரர் கோயில் பூண்டிக்கு இடம் மாற்றப்பட்டது. இது பிள்ளைகள் அறிந்த செய்தி.

"கோயில் பெயர்ந்த கதை தெரிகிறது. அங்கே நாற்று நட்டவரும் மாடு மேய்த்தவரும் எங்கே பெயர்ந்தனர்?" என்று வினவினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடை நமக்கும் தெரியாது.

"வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுங்கள்" என்றோம்.

அந்தப் பிள்ளை மீண்டும் தாளை நீட்டினான். இம்முறை இருபக்கமும் எழுத்து. முன்பணம் பெற்றதற்காக அவன் பாட்டி ஒரு செங்கற்சூளையிலே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த கதை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்தது. சூளைக்குள் அது நுழையப் பல்லாண்டு பிடித்திருக்கிறது. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "கடன் எவ்வளவு என்று பாட்டிக்குத் தெரியாது. கணக்கு நோட்டு அவர்களிடம் இருந்தது."

அவன் இசைவு பெற்று அதை வகுப்பிலே படித்தோம். ஊன்றுகோல் கதை எழுதிய பிள்ளைகளும் அமைதியாகக் கேட்டனர்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய பாட்டிமார் இருக்கின்றனர். அவர்கள் மறையுமுன் சென்று கேளுங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். கணக்கு நோட்டு அவர்களிடம் இருந்தது. ஏடேனும் இனி இவர்களிடம் இருக்கட்டும்!