தேத்தாங்கொட்டை

காய் இல்லாத காலத்தில் தேற்றா மரத்தையும் எட்டி மரத்தையும் இலையை வைத்துப் பிரிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இரண்டும் ஒரே பேரினம். இலைக் காம்பின் பக்கத்திலிருந்தே மூன்று, ஐந்து நரம்புகள் கிளம்பி நுனிவரை ஓடும். அப்போது பட்டையைத்தான் பார்க்க வேண்டும்: எட்டிக்குச் சாம்பல் நிறம், வழவழப்பு, தேற்றாவுக்குக் கருத்து வெடித்த பட்டை. காய்த்துவிட்டால் சிக்கலில்லை. எட்டிப் பழம் ஆரஞ்சு அளவு, ஆரஞ்சு நிறம்; தேற்றாம்பழம் சின்னது, பழுத்தால் கருப்பு. எட்டி விதையில் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு. அதன் உடன்பிறப்பின் விதையைத்தான் எங்கள் வீட்டுக் குடிநீர்ப் பானையில் தேய்த்தார்கள். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் பிறப்பது சிவகங்கைச் சீமையில் அதிசயமில்லை.

மழை பெய்த மறுநாள் ஊருணித் தண்ணீர் செம்மண் குழம்பாக வரும். அப்பத்தா பானையின் உட்புறத்தில் கொட்டையை நாலு சுற்று இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுவார். நான் அகப்பையோடு நெருங்கினால், "கலக்காதடா, அது பாட்டுக்கு உக்காரட்டும்" என்பார். மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதப்பவை. கொட்டையின் புரதமும் பிசினும் அவற்றைச் சேர்த்துப் பிடித்து, கனமாக்கி, அடியில் இறக்கிவிடுகின்றன. நோய்க்கிருமி போய்விடும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. தெளிந்த பிறகும் காய்ச்ச வேண்டியதுதான்.

கலித்தொகையின் நெய்தற்கலியில் இதே கொட்டை வருகிறது. பிரிவால் நிலைகுலைந்த ஒருத்தி ஊரறியப் புலம்புகிறாள். காதலன் வந்து சேர்ந்ததும், இந்த விதையைத் தேய்த்த கலங்கல் நீராகத் தெளிகிறாள். நெய்தற்கலியைப் பாடிய நல்லந்துவனார் அடுப்படிப் பக்கம் போய் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அவர் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதில்தான் எனக்குச் சுவாரசியம். பானை தெளிகிறபோது சேறு வெளியேறுவதில்லை. முதலில் மேலே விரற்கடை அளவு தெளிவு, கீழே மேகம். பிறகு மேகமும் இறங்கி அடியில் படியும். அங்கேயே கிடக்கும். அகப்பை கொஞ்சம் ஆழமாகப் போனால் எழுந்து வரும். அவன் மார்பில் சாய்ந்தவளின் மனத்தடியிலும் அத்தனை புலம்பலும் அப்படித்தானே கிடந்திருக்கும்? திருமண வாழ்த்துகளில் இந்த உவமையைச் சேர்ப்பவர்கள் எதற்கும் யோசித்துக்கொள்ளலாம்.

நாட்டு மருந்துக் கடைகளில் கொட்டை இன்றும் கிடைக்கிறது. போன மாதம் கேட்டேன். "லேகியத்துக்கா, அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். தண்ணீருக்கு என்றேன். "கேன் போடறவன் வரலியா?" என்று அக்கறையோடு விசாரித்து, ஒரு போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.