புகைக்கூடு இல்லாத புது வீடு

2022 டிசம்பரில் யாழ்ப்பாணத்து வானம் இரண்டு மூன்று நாளாகச் சாம்பல் பூத்துக் கிடந்ததை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்ற நேரம் அது. வாடைக் காற்று இந்தியாவின் தூசையும் புகையையும் வாரிக்கொண்டு வந்து எங்கள் தலைக்கு மேலே கொட்டியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் எச்சரிக்கை விட்டது. டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, பாடசாலைகளை மூடினார்கள். கொரோனாவோடு கழற்றி வைத்த முகக்கவசங்கள் திரும்பவும் வெளியே வந்தன. பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பிள்ளைகள் போய் இருந்த வீட்டுக்குள்ளே என்ன காற்று இருந்தது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அது மாரி காலம். விறகெல்லாம் ஈரம். அந்த ஆண்டு சித்திரையில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று 4,860 ரூபாவுக்குப் போயிருந்தது; அதுவும் வரிசையில் நின்றால்தான். காஸ் அடுப்பை மூலையில் தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பிய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனையோ. வானத்துப் புகைக்குப் பயந்து கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்திய அன்று, அந்த வீடுகளுக்குள்ளே ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு வயது போய்விட்டது. இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தெருப் புகைக்கும் வெளிநாட்டுப் புகைக்கும் நாங்கள் தனித்து ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக் காற்று அப்படியல்ல. அதை ஆக்குவதும் கெடுப்பதும் அந்த வீட்டில் இருக்கிற நாங்கள்தான்.

சமையல் புகையால் வீட்டுக்காற்று கெட்டு 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயது நிறையாத குழந்தைகள் மட்டும் 2,37,000க்கு மேல். கொல்வது கண்ணைக் கரிக்கும் புகை மட்டும் என்றில்லை. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நெஞ்சின் அடிவரை போய், அங்கிருந்து இரத்தத்தோடு கலக்கின்றன. நியூமோனியாவும் மாரடைப்பும் பாரிசவாதமும் அந்த வழியால் வருகின்றன. காற்றோட்டம் இல்லாத குசினியில் இந்தத் துகள் பாதுகாப்பான அளவைப்போல நூறு மடங்குவரை ஏறும்.

எங்கள் முன்னோர் இந்தக் கணக்கெல்லாம் அறியாதவர்கள். ஆனாலும் நாற்சார் வீடு கட்டியவர் குசினியை வீட்டோடு ஒட்டவில்லை. சற்றுத் தள்ளித் தனியே வைத்தார். அரைச்சுவர், அதற்கு மேலே கூரைவரை இடைவெளி, கூரைக்குப் பனையோலை. புகை ஓலை வழியே கசிந்து போகும். ஓலையிலும் பூச்சி பிடிக்காது. படுக்கிற அறைக்கும் அடுப்புக்கும் நடுவில் திறந்த முற்றம் இருந்தது.

அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. அந்தக் குசினியிலும் நிலத்தில் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதியவள் எங்கள் அம்மாதான், அம்மம்மாதான். ஐம்பது வயது தாண்டமுதலே தொய்வு வந்து, விடியப்புறத்தில் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்து மூச்சு வாங்கிய எத்தனை பெண்களை நான் கண்டிருக்கிறேன். பனி கூடாது, குளிர்ச்சாப்பாடு கூடாது என்று பத்தியம் சொன்னார்கள். வைத்தியரிடம் போனால் புகைப்பிடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். இல்லை ஐயா என்பார்கள். எத்தனை வருடம் அடுப்படியில் நின்றாய் என்று கேட்பாரில்லை. உங்கள் வீட்டில் வயதான பெண்ணுக்கு முட்டு இருந்தால், அடுத்தமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது அந்தக் கதையை நீங்களாகவே சொல்லுங்கள். நோயின் பெயரைக் கண்டுபிடிக்க அது உதவும்.

இன்னொரு புகையை எங்கள் சனம் முழுவதும் சேர்ந்து குடித்தது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் பவுண் விலைக்கு வந்தது. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், ஒரு திரி. கொஞ்ச எண்ணெயில் இரவு முழுக்க எரியும். அந்தச் சின்ன வெளிச்சத்தைச் சுற்றிப் பிள்ளைகள் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு படித்தார்கள். காலையில் மூக்கைச் சீறினால் கைக்குட்டையில் கரி. சுவரில் விளக்கு வைத்த இடத்துக்கு நேர்மேலே கறுப்பாக ஒரு நீளக் கோடு. கண்ணாடிச் சிமினி இல்லாமல் எரிகிற திரிவிளக்கு தான் குடிக்கிற மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கைக் கரியாகவே வெளியே விடுகிறது என்று 2012இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை நினைத்து நாங்கள் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். அவர்கள் மூச்சோடு எதை உள்ளே எடுத்தார்கள் என்றும் நினைக்க வேண்டும். அவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் வயது. படி ஏறினால் இளைக்கிறது என்றால் வயதின் தலையில் போடாமல் நெஞ்சைக் காட்டிப் பாருங்கள்.

அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதுதான் என் ஆற்றாமை.

ஊர் முழுக்கப் புது வீடுகள் எழும்புகின்றன. குசினி வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. மேலே கொங்கிறீற் பிளாற், சுவருக்கு ரைல்ஸ், கள்ளனுக்குப் பயந்து பூட்டியே கிடக்கிற யன்னல். காஸில் சமைக்கலாம் என்ற நினைப்பில் கட்டியது. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. பிறகு வந்த பொருளாதார நெருக்கடி காஸ் வைத்திருந்தவர்களில் பலரையும் விறகுக்கே திருப்பிவிட்டது. இப்படி ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். ரைல்ஸ் மேடையில் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து விறகு எரிந்தது. சுவரைத் தொட்ட விரலில் மண்ணிறமாகப் பிசுக்கு ஒட்டியது. அடுத்த அறையில் சாமிப் படத்தின் கண்ணாடி மங்கிப்போய் முருகனின் வேல் மட்டும் தெரிந்தது. அதற்கும் அடுத்த அறையில் தொட்டில் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளையின் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வரைபடம் போட்டவரும் காசு கொடுத்தவரும் அடுப்படியில் நிற்காதவர்கள். முன்விறாந்தைத் தூணுக்குச் செலவழித்த காசில் ஒரு சிறு பங்கு போதும், ஒரு புகைக்கூடு கட்ட.

அது வீண்செலவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேர்க் சிமித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980களின் தொடக்கத்தில் குஜராத்துக் கிராமங்களில் சமைக்கிற பெண்கள் குடிக்கிற புகையை அளக்கத் தொடங்கினார். 2020இல் இறக்கும்வரை அதே வேலையாக இருந்தார். குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் அவருடைய குழு சில வீடுகளுக்குப் புகைக்கூடு வைத்த அடுப்புக் கொடுத்து, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டது. குழந்தைகள் குடித்த புகை பாதியாகியது. கடுமையான நியூமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முடிவு 2011இல் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. புகைக்கூடு மட்டும் போதாது என்பதையும் அதே முடிவு காட்டியது. மீதிப் பாதிப் புகையைக் குழந்தைகள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே விறகைக் காயவைப்பதும் வேண்டும். ஆவணி வெயிலிலேயே மட்டையையும் பாளையையும் ஊமலையும் பொச்சையும் காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும். இரண்டு பானை வைக்கிற அனகி மண் அடுப்பு கிடைத்தால் வாங்குங்கள். மூன்று கல்லைவிட விறகு குறையும். நெருப்புப் பிடிக்கவைக்கச் சொப்பின் பையைக் கொளுத்துகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்தப் புகை விறகுப் புகையைவிட மோசம். சமைக்கிற நேரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்; வீட்டில் சும்மா இருக்கிற ஆண் வாங்கி வைத்திருக்கட்டும்.

காஸ் அடுப்பு விறகைவிட எவ்வளவோ நல்லது. ஆனாலும் அதன் சுவாலையிலிருந்து நைதரசனீரொட்சைட்டு வரும். பொரிக்கிற எண்ணெயின் ஆவியும் நெஞ்சுக்குக் கூடாது. தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கிற நாளில் வீடே இருமும், அயல்வீடும் தும்மும். அந்த வேலையை வளவுக்குள்ளே மர நிழலில் அடுப்பு மூட்டிச் செய்யுங்கள்.

குசினியை விட்டுப் படுக்கையறைக்கு வந்தால் நுளம்புத்திரி. ஒரு திரி எரிந்து முடிய வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நெஞ்சை இழுக்கிற பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் அதை ஏற்றி, கதவைச் சாத்துகிறோம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. இரவுத்திரி அதற்குக் காவல் இல்லை. வலை கட்டுங்கள், பூச்சட்டியிலும் சிரட்டையிலும் நிற்கிற தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.

சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் கோபிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைத் தூபத்தை நானும் விடவில்லை. ஆனால் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, பூட்டிய அறைக்குள் தணல்சட்டியோடு தூபம் பிடிப்பது வேண்டாம். அதுவும் புகைதான். தணலிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பூட்டிய அறையில் அது உயிரையே எடுக்கும். மின்சாரம் போனால் ஜெனரேற்றரை விறாந்தையில் ஓட விடுகிறவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

கூரைக்கு வருவோம். அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் படிப்படியாக நிறுத்துவதென்று அரசாங்கம் எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் அஸ்பெஸ்ரஸ் விற்கிற ரஷ்யா எங்கள் தேயிலையைத் தடுத்ததும் பின்வாங்கிப் போனது. எந்த வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடையாமல் கிடக்கிற சீற்றைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அதை அறுப்பது, துளைப்பது, பாசி போகக் காயவைத்துத் தேய்ப்பது, உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்கு நொறுக்குவது ஆகியவற்றில் தூசு பறந்து மூச்சோடு உள்ளே போவதில்தான் ஆபத்து. கழற்ற வேண்டி வந்தால் தண்ணீர் அடித்து நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.

கட்டி முடிந்த வீட்டில் இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வீடு கட்டிய ஒரு பிள்ளை என்னிடம் அப்படித்தான் கேட்டது. அடுப்புக்கு மேலே, பிளாற்றுக்குச் சற்றுக் கீழே, வெளிச்சுவரில் இரண்டு கல் அகலத்துக்கு வெட்டி எடுத்துக் கம்பி வலை அடிக்கலாம். எதிர்ச்சுவரில் தாழ்வாக இன்னொரு திறப்பு. விறகடுப்பாக இருந்தால் அதன்மேல் தகரத்தால் ஒரு கூம்பும், பிளாற்றைத் தாண்டி மேலே போகிற குழாயும். குழாயின் வாய் கூரையைவிட உயர நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சோளகம் வீசுகிற நாளில் புகை உள்ளே திரும்பும். மேசனைக் கூப்பிட முன்னர் குசினியில் சமைக்கிறவரை அந்த இடத்தில் நிற்கவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டுச் சுவரில் கோடு போடுங்கள்.