முடியாது

அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "முடியாதுண்ணே."

2009 நவம்பர் மாதம். வட காஷ்மீரில், கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி, சுமார் 11,000 அடி உயரத்தில் எங்கள் போஸ்ட். நான் ஹவில்தார், செக்ஷன் கமாண்டர். அவன் சிப்பாய், தேனிப் பக்கம், யூனிட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் இருக்கும். யூனிட் பெயரும் அவன் பெயரும் இங்கே வேண்டாம். அவனுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், இதை யாராவது படித்துக் காட்டலாம்.

குழாயில் தண்ணீர் உறைந்துபோய் நாலு நாள் ஆகியிருந்தது. இன்னும் பெரிய பனி விழவில்லை. விழுந்துவிட்டால் பிரச்சினை இல்லை, பனியை அள்ளி புகாரி மேல் வைத்து உருக்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் கீழே நாலாவில் இறங்கி, 20 லிட்டர் ஜெரிகேனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி வரணும். காலையில் இரண்டு பேர், சாயங்காலம் ஸ்டாண்ட் டூவுக்கு முன்னால் இரண்டு பேர். அதற்கு ஒரு லிஸ்ட் போட்டு லங்கர் சுவரில் ஒட்டியிருந்தோம்.

அன்று காலை அவன் போய் வந்துவிட்டான். சாயங்கால முறை ஒரு லான்ஸ் நாயக்குடையது. அவன் தலைவலி என்று சொன்னான். நான் படுக்கச் சொல்லிவிட்டேன். அந்த லான்ஸ் நாயக் எங்க ஊர்ப்பக்கம், வேலூர். எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் உண்டு, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். அவன் அந்த ஊர்க்காரன். என் சித்தப்பாவுக்கு அவன் அப்பாவைத் தெரியும். அவனுக்கு நிஜமாகவே தலைவலியா என்று நான் கேட்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆகணும்.

லங்கருக்குள் ஆறேழு பேர் இருந்தார்கள். பையன் புகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "டேய் தம்பி, ஜெரிகேனை எடு, நீ போயிட்டு வா" என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான். "முடியாதுண்ணே."

சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. இந்த மாதிரி நேரத்தில் சத்தம் குறைவதைப் பட்டாளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் தமிழை விட்டேன். "யே ஆர்டர் ஹை" என்றேன். ஹிந்திக்கு மாறினால் அண்ணன் போய் ஹவில்தார் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"முடியாது." இந்த முறை 'ண்ணே' இல்லை.

என் கை போய்விட்டது. ஒரே அறை. கன்னத்தில்.

இப்போது யோசித்தால், மற்ற மொழிக்காரன் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஹிந்தியில் 'நஹீ ஜாவூங்கா' வேறு, 'நஹீ ஜா பாவூங்கா' வேறு. முதலாவது திமிர், இரண்டாவது இயலாமை. ஆங்கிலத்திலும் அப்படித்தான், இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை. தமிழில் 'மாட்டேன்' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் 'முடியாது' இரண்டு பக்கமும் நிற்கும். மூட்டுவலி வந்த என் அம்மா மாடிப்படியைப் பார்த்து "முடியாதுப்பா" என்பாள். பங்காளிச் சண்டையில் கையெழுத்துப் போடச் சொன்னபோது என் அப்பாவும் "முடியாது" என்றுதான் சொன்னார். எது எந்த முடியாது என்று தெரியணும் என்றால் சொல்கிறவன் முகத்தைப் பார்க்கணும். நான் அன்று மற்ற ஆறு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேடர் கோர்ஸில் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஜூனியர் எதிர்த்துப் பேசினால் நாலு பேர் முன்னால் மல்லுக்கட்டாதே, தனியாகக் கூப்பிடு, காரணம் கேள், ஆர்டரைத் தெளிவாக இன்னொரு முறை சொல், அப்புறமும் மறுத்தால் சாட்சியோடு ரிப்போர்ட் பண்ணு. பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன்தான் நான். சட்டமும் தெரியும். 1950 ராணுவச் சட்டத்தில் 41-ஆவது பிரிவு மேலதிகாரியின் சட்டப்படியான கட்டளையை மீறுவது பற்றியது. வேண்டுமென்றே, அதிகாரத்தை எதிர்த்து மீறினால் 14 வருடம் வரை போகலாம். சட்டம் அந்த 'வேண்டுமென்றே'யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிப்பாய்க்கும் ஒரு வழி இருக்கிறது, 26-ஆவது பிரிவு: தனக்கு அநியாயம் நடந்ததாக நினைத்தால் மேலே புகார் செய்யலாம். முதலில் கீழ்ப்படி, அப்புறம் புகார் சொல் என்பதுதான் நடைமுறை. இன்னொன்று 47. கீழே இருப்பவன் மேல் கை வைத்தால் ஏழு வருடம் வரை. இந்த 47-ஐ யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ரிக்ரூட்டாக இருக்கும்போதே இரண்டு அறை வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள், அது 'நம்ம வீட்டு விஷயம்'.

அன்று தண்ணீருக்கு இன்னொருவனை அனுப்பினேன். பையன் எழுந்து தன் பங்கருக்குப் போய்விட்டான். ராத்திரி அவனுக்குப் பத்து மணியிலிருந்து சென்ட்ரி. கையில் இன்சாஸ், மேகசினில் 20 ரவுண்டு. மேலதிகாரியைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்ட ஜவான் என்று பேப்பரில் அவ்வப்போது நாலு வரி வரும், பார்த்திருப்பீர்கள். அந்த நாலு வரிக்கு முன்னால் பெரும்பாலும் லீவு, வீட்டுப் பிரச்சினை, அவமானம் என்று ஏதாவது இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. அவன் ரைஃபிளை வாங்கி வைத்துவிடலாமா என்று போஸ்ட் கமாண்டரிடம் போய்க் கேட்டேன்.

அவர் மலையாளி, நாயப் சுபேதார், பேச்சு குறைவு. "வாங்கினா என்ன அர்த்தம்? நீ கொலைகாரன்னு நாமே அவன்கிட்ட சொல்றதா?" என்றார். அவனுடைய சென்ட்ரி முறையைத் தானே எடுத்துக்கொண்டார். அவனை அவன் ட்ரெயினிங் கூட்டாளியோடு ஒரே பங்கரில் படுக்க வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அவனத் தல்லியோ?" என்றார்.

"இல்ல சாப். தோளப் பிடிச்சுத் தள்ளினேன், அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். லங்கரில் இருந்தவர்கள் யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பொய் சொன்ன பிறகு எனக்கு ஒரு விஷயம் அவசியமாகிவிட்டது. அவன் சொன்னது திமிரான முடியாதாகவே இருக்கணும். இயலாத முடியாது என்றால், நான் முடியாத ஒருத்தனை அறைந்தவன். மறுநாள் ஃபோனில் கம்பெனி கிளார்க் கேட்டான், பையன் சரியாக என்ன சொன்னான் என்று. அவன் பீஹார்க்காரன். நான் யோசிக்கவே இல்லை. "நஹீ ஜாவூங்கா போலா" என்றேன். அவன் அதை ஆங்கிலத்தில் டைப் அடித்தான். ஐ வில் நாட் கோ. மூன்றாவது மொழிக்குப் போனபோது அந்த வாக்கியத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

நாலு நாள் கழித்து இரண்டு பேரும் பட்டாலியன் ஹெட்குவார்ட்டர்ஸுக்கு இறங்கினோம். சார்ஜை 41-லிருந்து 63-க்கு, அதாவது பொதுவான ஒழுங்கு மீறலுக்கு, இறக்கியிருந்தார்கள். பையனின் எதிர்காலம் பார்த்துச் செய்தது அது. ஆனால் உள்ளே இருந்த வாக்கியம் அதேதான். தொப்பியும் பெல்ட்டும் கழற்றி, இரண்டு பக்கமும் எஸ்கார்ட்டோடு அவனை மார்ச் பண்ணி உள்ளே கொண்டுவந்தார்கள். சி.ஓ. வடக்கத்திக்காரர், நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டார். நான் சாட்சி சொன்னேன். சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உண்டு, அந்த இடத்தில் அதைக் கேட்டே ஆகணும். கேட்டார்: "ஹவில்தாரிடம் ஏதாவது கேட்கணுமா?"

என் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. நவம்பரில்.

"நோ, சர்."

ஏழு நாள் கடுங்காவல், குவார்ட்டர் கார்டில். ரெக்கார்டில் ஒரு சிவப்பு மை என்ட்ரி.

குவார்ட்டர் கார்டுக்கு அனுப்பும் முன்னால் மெடிக்கல் பார்ப்பார்கள். அதில் நடந்ததை ஒரு வாரம் கழித்து நர்சிங் அசிஸ்டென்ட் போகிற போக்கில் சொன்னான். "உங்க பையன் வலது கால்ல மூணு வெரல் வீங்கி ஊதா கலர்ல இருந்துச்சுண்ணே. நாலாவுல கால விட்டிருக்கான். ஈர சாக்ஸோடயே இருந்திருக்கான்." பெரிதாக ஒன்றும் இல்லை, சில்பிளெய்ன், மருந்து போட்டால் சரியாகும், தண்டனைக்கு ஃபிட் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஆனால் அந்தக் காலோடு அன்று சாயங்காலம் இறங்கி 20 லிட்டரோடு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த உயரத்தில் இருந்த எவனுக்கும் தெரியும்.

ஏன் அவன் வாயைத் திறந்து கால் வலிக்குது என்று சொல்லவில்லை? 21 வயது. நாலு பேர் முன்னால் கால் விரல் வலி என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். லிஸ்டில் முறை இல்லாதவனை ஊர்ப்பாசத்தில் அனுப்புகிறேன் என்ற கோபமும் இருந்திருக்கும். இரண்டு முடியாதும் கலந்தே இருந்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

விஷயம் தெரிந்த பிறகாவது போய்ச் சொன்னாயா என்று கேட்பீர்கள். இல்லை. கணக்குப் போட்டேன். 47, விசாரணை, நின்றுபோகிற புரமோஷன், என் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. அவன் தண்டனைதான் முடிந்துவிட்டதே என்று நானே சொல்லிக்கொண்டேன். அவன் திரும்பி வந்ததும் புது சாக்ஸ் இரண்டு ஜோடி கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். மறுபடியும் 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பிக்க மூன்று மாதம் ஆனது.

பிறகு நானும் நாயப் சுபேதார் ஆனேன். என்னிடம் யாராவது 'முடியாது' என்றால் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது: "முடியலையா, மாட்டியா?" தனியாகக் கூப்பிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கை கட்டுவது மரியாதைக்காக இல்லை. நிறைய பேர் அந்தக் கேள்விக்கே உடைந்துவிடுவார்கள். ஒருவனுக்குத் தங்கச்சி கல்யாணம் நின்றுபோயிருந்தது, ஒருவனுக்கு மூலம், சொல்ல முடியாமல் பி.டி.க்கு வர மறுத்தான்.

எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தன் குடித்துவிட்டு கார்டு டியூட்டிக்கு வர மறுத்தான். காலையில் தெளிந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டேன். "மாட்டேன் சாப், என்ன பண்ணுவீங்க?" என்றான். அவனுக்குப் பதிலாக இரண்டு பேர் தூக்கம் கெட்டு நின்றார்கள். மார்ச் அப் பண்ணினேன், 14 நாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இரக்கம் என்ற பெயரில் அவனை விட்டிருந்தால் அது அந்த இரண்டு பேருக்குச் செய்த துரோகம்.

போன வருடம் என் பெண் கல்யாணத்துக்கு அவன் வந்திருந்தான். 17 வருடம் முடித்து வெளியே வந்து, ஒரு நகைக்கடையில் செக்யூரிட்டியாக இருக்கிறான். தொப்பை போட்டிருக்கிறது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். கை கழுவும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்ற நேரம். "டேய், அன்னைக்கு அந்தத் தண்ணி விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, மாப்பிள்ள வீட்டுக்காரங்க கூப்பிடுறாங்க பாருங்க" என்றான். யாரும் கூப்பிடவில்லை. கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் மொய் நோட்டைப் புரட்டினேன். அவன் பேட்ச்காரர்கள் இரண்டு பேர் பெயருக்கு முன்னால் ஹவில்தார் என்று இருந்தது. அவன் பெயருக்கு முன்னால் நாயக். ரூபாய் 1,001.