மூலைமட்டமும் மல்லாட்டை மிஷினும்

என்னிடம் பேசிக்கொண்டிருந்த பயிற்சி அலுவலர் சட்டென்று நிறுத்தினார். திரும்பக்கூட இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "கடைசி வைஸ்ல எவன்டா இழுக்கும்போதும் அழுத்தறது?" என்றார். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் அரம் நின்றது. பிறகு தயங்கித் தயங்கி மறுபடி ஓட ஆரம்பித்தது.

இருபது பேர் ஒரே நேரத்தில் இரும்பை அராவும் கூடத்தில் ஒருவனுடைய பிழை மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே வரும்போது சும்மா தடவிக்கொண்டு வர வேண்டும். அப்போதும் அழுத்தினால் பல் மழுங்கிப்போகும், சத்தமும் கரகரக்கும். "அந்தக் கரகரப்பு கேட்டா எனக்குப் பல்லு கூசும் சார்" என்றார்.

விழுப்புரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐடிஐ. பிட்டர் பிரிவு, முதலாண்டு. பயிற்சி மாணவர்களுக்கு என்னென்ன உதவி கிடைக்கிறது என்று கேட்டு எழுதத்தான் போயிருந்தேன். பட்டியல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அரசு நிலையத்தில் சேர்ந்தால் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, மூடுகாலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணாக இருந்தால் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000. பையனாக இருந்தால் 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே 1000. குறித்துக்கொண்டு எழுந்தேன். "இருங்க சார், அதுக்குள்ள கிளம்பினா எப்படி?" என்று ஓர் அரத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

வைஸின் உயரம் நிற்பவனின் முழங்கை மட்டத்துக்கு இருக்க வேண்டும். வலக்கை பிடியில், இடது உள்ளங்கை அரத்தின் நுனியில். தள்ளத் தொடங்கும்போது இடக்கையில் கனம். தள்ளி முடிக்கும்போது கனம் வலக்கைக்கு வந்துவிட வேண்டும். இந்தக் கைமாற்றம் சரியாக நடக்காவிட்டால் அரம் ஊஞ்சலாடும். பத்து நிமிடம் அராவினேன். தட்டையாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற செஞ்சிப் பக்கத்துப் பையன் மூலைமட்டத்தை என் இரும்பின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். நடுவில் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் பளிச்சென்று வெளிச்சம். "குதிரை முதுகு சார்" என்றான், சிரிக்காமல். நான்கு மாதத்துக்கு முன் அவன் கையிலிருந்ததும் குதிரை முதுகுதானாம்.

இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம்கூட ஒழுகாத வரை அந்தப் பக்கம் முடிந்ததாகக் கணக்கில்லை. அதன் பிறகுதான் அடுத்த பக்கம். அதன் பிறகு மயில்துத்தக் கரைசலைத் தடவிக் கோடு கீறுவது, பஞ்ச் வைப்பது, அறுப்பது, துளையிடுவது. கடைசியில் இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்துவது. ஆண் துண்டு, பெண் துண்டு. அளவில் 0.04 மில்லிமீட்டர் வரை கூடக்குறைய இருக்கலாம். வெர்னியரில் காணக்கூடிய மிகச் சிறிய அளவே 0.02 மில்லிமீட்டர்தான்; அதாவது கருவியின் இரண்டு கோட்டுக்குள் கை நிற்க வேண்டும். பதினாறு வயதுப் பையனின் கை.

அவர் வாயிலிருந்து நான் வரவழைக்க நினைத்த விஷயம் இதன் பிறகுதான் வந்தது. பையன்கள் படிப்பை விட்டு நிற்பது எப்போது? பணம் வராதபோது என்றுதான் நான் எதிர்பார்த்தேன். "மூணாவது வாரம்" என்றார். சேர்ந்த புதிதில் மிஷினைத் தொடலாம் என்ற ஆசையோடு வருகிறான். மூன்று வாரமாக அரத்தையும் இரும்பையும் தவிர எதையும் கண்ணில் காட்டவில்லை. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அராவியதும் குதிரை முதுகாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஊரில் ஒருவன் சென்டரிங் வேலைக்குக் கூப்பிடுகிறான். இங்கே ஒரு மாதத்துக்குக் கிடைக்கும் அந்த 750 அங்கே ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். அப்பா கரும்பு வெட்டுகிறவர், அல்லது பெங்களூரில் கட்டட வேலை. போடா என்றும் சொல்ல மாட்டார், போகாதே என்றும் சொல்ல மாட்டார்.

அதனால் இவர் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். வருகைப் பதிவேடு வேறு. இது அவருடைய சொந்தக் கணக்கு. மூன்றாவது வாரத் திங்கட்கிழமை யார் வரவில்லை என்று அதில் இருக்கும். அன்று மாலையே போன். பையனுக்குப் போட்டால் எடுக்க மாட்டான், அம்மாவுக்குத்தான். "அவன் ஜாப் பாதியில நிக்குதும்மா, நாளைக்கு வந்து முடிச்சிட்டுப் போவச் சொல்லு." முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார், படிக்க வரச் சொல்வதில்லை. இந்தச் சொல்வித்தை பலிக்கும் என்கிறார். முடிக்க வந்தவன் வெளிச்சம் ஒழுகாத ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டால் பிறகு போவதில்லையாம். எத்தனை பேர் அப்படித் தங்கினார்கள் என்று கேட்டேன். கணக்கு வைப்பது வராதவனுக்குத்தான், வந்தவனுக்கு எதற்கு என்று சிரித்தார்.

எந்த அரசாணையிலும் இந்த நோட்டுக்கு ஒரு வரி இருக்காது. 2023 முதல் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு நிலையங்களில் ரோபோவும் கணினி இயந்திரமுமாகத் தொழில் 4.0 மையங்கள் கொண்டுவந்தார்கள். தேவையான காரியம்தான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ரோபோவின் முன் போய் நிற்கப்போகிறவனை மூன்றாவது வாரத்தைத் தாண்டவைப்பது இந்த நாற்பது ரூபாய் நோட்டு.

புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்பாடப் புத்தகங்களைத் தயாரிக்கும் நிமி என்ற தேசிய நிறுவனம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. 1986-இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கியது. தமிழிலும் புத்தகம் போடுகிறார்கள். படம் தெளிவு, படிப்படியாகச் சொல்கிற முறையும் நன்று. ஆனால் பையன்கள் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் சொல்லை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறார்கள். புத்தகம் அராவுதல் என்கிறது, பட்டறை ஃபைலிங் என்கிறது. கம்பெனியில் வரைபடமும் இங்கிலீஷ், திட்டும் இங்கிலீஷ். தமிழ்ச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டறை வழங்கும் சொல்லையும் பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டால் அந்தப் பென்சில் வேலை மிச்சம்.

அன்று சான்றிதழ் வாங்க ஒரு பழைய மாணவன் வந்திருந்தான். ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரியும் ஊர் விழுப்புரம். ஆனால் ஐடிஐ முடித்தவனுக்குத் திசை ஒன்றே ஒன்றுதான், வடக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர். இவன் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக ஒரு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறான்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவனுக்கு மாதம் குறைந்தது 7000 ரூபாய். அவன் கணக்கில் வந்தது 5500. ஏமாற்றிவிட்டார்கள் என்று அறையில் இருந்த ஐந்து பேரும் கொதித்திருக்கிறார்கள். ஒருவன் பெட்டியைக் கட்டிவிட்டான். இவன் தன் பழைய சாருக்குப் போன் போட்டான்.

சார் விளக்கியது இது. உதவித்தொகையில் கால் பங்கை, 1500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசு ஏற்கிறது. முன்பெல்லாம் கம்பெனி முழுத்தொகையையும் கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளும். 2023-இலிருந்து அந்தப் பங்கு நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இவனுடையது பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கணக்கு, இணைக்கவே இல்லை. கம்பெனி தன் பங்கைச் சரியாகத்தான் போட்டிருந்தது. ஐந்து பேரில் யாருக்கும் இதை யாரும் ஒப்பந்தம் போடும் நாளில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பெட்டி கட்டினவன்?"

"அவன் போயிட்டான் சார். நான் போன் போட்டது மறுநாள்."

ஒருநாள் வித்தியாசம். அவன் இப்போது எங்கே என்று கேட்டேன். திருப்பூர் என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் மாதம்தான் கண்டம் என்றும் அவனே சொன்னான். வேலைக்குச் சேர்ந்த அன்றே அறைக்கு அட்வான்ஸ், மெஸ்ஸுக்கு முன்பணம், பாய், வாளி. தொகை வருவது மாதம் கழித்து. அவனுடைய அம்மா சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எத்தனையோ திட்டம் போடுகிறோம். வீட்டை விட்டுப் போகும் பையனுக்கு அந்த முப்பது நாளைக் கடக்க ஒரு சிறு முன்பணம் கொடுத்து, பிறகு தவணையில் பிடித்துக்கொண்டால் என்ன? யாராவது செய்து பார்க்கலாம்.

மறுநாள் திண்டிவனம். எண்ணெய்வித்து ரகங்களின் பெயரில் டி.எம்.வி என்று வருமே, அது இந்த ஊர்தான். இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பெயர். சுற்று வட்டாரத்தில் நிலக்கடலை என்றால் யாருக்கும் நாக்கு புரளாது. மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. செஞ்சி சாலையை ஒட்டிய ஒரு லேத் பட்டறை வாசலில் மல்லாட்டை உரிக்கும் மிஷின் ஒன்று வயிறு திறந்து கிடந்தது. அதன் தண்டு உள்ளே லேத்தில் சுற்றிக்கொண்டிருக்க, கட்டை விரலில் துணி சுற்றிய ஒரு பையன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "நாங்கல்லாம் டீ வாங்கிக் கத்துக்கிட்டவங்க" என்றார். முதல் வருடம் டீ வாங்குவது, இரும்புத்தூள் பெருக்குவது. இரண்டாம் வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. எண் சொல்ல மாட்டாராம் குரு, கையை மட்டும் நீட்டுவார், சரியான ஸ்பேனர் போய் உட்கார வேண்டும். மூன்றாம் வருடம் குரு சாப்பிடப் போன நேரத்தில் திருட்டுத்தனமாக லேத்தை ஓட்டியது. அடி வாங்கியது. அன்றிலிருந்து குரு சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. அடியும் மூன்று வருட டீயும் தொழிலின் பகுதியா, தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாததன் பகுதியா? விழுப்புரத்துக்காரர் சுவரைப் பார்த்தபடியே ஒரே வாக்கியத்தில் திருத்தியதை நேற்றுத்தான் பார்த்திருந்தேன்.

ஆனால் இவரும் ஏமாந்தவர் இல்லை. இப்போது பதினெட்டு ஆகாதவனை மிஷின் பக்கம் விடுவதில்லை. கூலி வாரம் சனிக்கிழமை கையில். பையனுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு இவருடையது. சட்டம் தெரிந்து செய்வதில்லை. அவன் அம்மா வாசலில் வந்து நின்றுவிடுவாள் என்பதால் செய்கிறார்.

நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைகூட விரும்பினால் சட்டப்படி பழகுநரைப் பதிவு செய்துகொள்ளலாம், அரசுப் பங்கும் பையனுக்கு வரும் என்றேன். இவரிடம் சரியாக நான்கு பேர். "இணையத்துல ஏத்தணும்னுவாங்க. அப்புறம் ஒவ்வொரு ஆபீஸா வந்து நிப்பாங்க. எனக்கு எதுக்கு சார்?" அந்தப் பயத்துக்கு என்னிடம் பதிலில்லை. வீண் பயம் என்று சொல்ல அவர் பார்த்ததையெல்லாம் நான் பார்த்ததில்லை.

லேத்தை நிறுத்திவிட்டு அந்தப் பையன் வந்தான். பத்தாம் வகுப்பு முடித்தவன், வயது இருபத்திரண்டு. கேட்டது ஒரே கேள்வி. "ஐடிஐ போவாமலே அந்த சர்டிபிகேட் வாங்க முடியுமாமே, நெசமாண்ணா?"

நிஜம்தான். 21 வயது நிறைந்து, தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இருந்தால் அகில இந்தியத் தொழில்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வரைபடம், கணக்கு, தியரி எல்லாம் உண்டு, செய்முறையும் உண்டு. செய்முறையில் அவனுக்குப் பயமில்லை. கணக்குக்குப் புத்தகம் வேண்டும் என்றான். நிமி புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். விழுப்புரத்து நோட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் எண்ணையும் கொடுத்தேன். அவர் போனிலேயே, "டர்னரா? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க, எங்க டர்னர் சாரைக் கூட்டி வைக்கிறேன்" என்றுவிட்டார்.

அனுபவச் சான்று வேண்டும். பட்டறைக்காரரிடம் பெயர் அச்சிட்ட தாள் கிடையாது, பில் புத்தகம்தான் இருந்தது. அதிலிருந்து ஒன்றைக் கிழித்தார். திருப்பிப் போட்டார். காதில் இருந்த பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, பையனிடம் பேனா வாங்கினார். பெயரை எழுதினார். எங்கள் பட்டறையில் என்று எழுதினார். அங்கே நின்றுவிட்டது.

"எப்பலேருந்துன்னு போடறது?" என்று என்னைக் கேட்டார். "இவன் வந்த நாள்லேருந்தா, லேத்தைத் தொட்ட நாள்லேருந்தா?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் வாசலில் கிடந்த மிஷினைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டான்.

"போடுங்கணா, அந்த வருஷம் மல்லாட்டை புடுங்கறப்ப. நீங்க சாப்பிடப் போனீங்க இல்ல, அன்னிக்கு."

பட்டறைக்காரர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். "அன்னிக்கு நீ தொட்டியா?" என்றார்.