தூதர் தொழில்

தூதர் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர் உள்ளத்தில் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. ஒளி வெள்ளத்தில் மூழ்கிய விருந்து மண்டபம், கைகுலுக்கும் பெரியோர், முன்னே கொடி பறக்கச் செல்லும் ஊர்தி. செய்தித்தாள்கள் வெளியிடும் படங்கள் அத்தகையன. நள்ளிரவில் ஒரு தாளின் முன் அமர்ந்து, ஒரு சொல்லை நீக்குவதா வைப்பதா என்று எண்ணி வருந்தும் அலுவலரின் படத்தை எந்த இதழும் வெளியிடுவதில்லை. ஆயினும் தூதர் வாழ்வில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது.

வள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைத் தமிழ் பயில்வோர் அறிவர். அக்காலத் தூதர் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஊர் திரும்பினார். இக்காலத் தூதரோ அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்க வேண்டியவர். காலையில் அந்நாட்டு நாளிதழ்களைப் படித்து, அமைச்சர் பேசியதையும் பேசாமல் விட்டதையும் தம் அரசுக்கு எழுதுகிறார். பின்னர் வாயிலில் காத்திருப்போரைக் காண வேண்டும். கடப்பிதழைத் தொலைத்த பயணி ஒருபுறம். கப்பலில் இறந்த மாலுமியின் உடலை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு மறுபுறம். அயல்நாட்டுச் சிறையில் அடைபட்ட தம் நாட்டவனை நேரிற்கண்டு பேசும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தூதரக அலுவலர்க்கு வழங்கியுள்ளது. மொழி தெரியாத சிறையில் தன் மொழியில் ஒருவர் பேசக் கேட்பவனுக்கு அந்த அலுவலரே நாடு முழுவதும் ஆவார். இவற்றுக்கிடையே தூதரின் பிள்ளைகள் பள்ளி மாறி, நண்பர் மாறி, சில வேளைகளில் தாய்மொழி எழுத்தையும் மறந்து வளர்கின்றனர். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இத்தொழிலின் அருமையை உணர்வதற்கு, நம் வாயிலிலேயே கிடக்கும் மலாக்கா நீரிணையின் வரலாறு போதும்.

சிங்கப்பூர் 1965 செப்டம்பரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 117ஆம் உறுப்பு நாடாயிற்று. புதிய நாட்டிற்குத் தேர்ந்த தூதர்கள் எங்கிருந்து கிடைப்பர்? 1968இல் சட்ட விரிவுரையாளராக இருந்த டாமி கோ என்னும் இளைஞர் நியூயார்க்குக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது அகவை முப்பது. 1971இல் அவர் திரும்பியபோது அவ்விடத்திற்குச் சென்ற எஸ். ஜெயக்குமாரும் சட்டம் கற்பித்தவரே. வகுப்பறையிலிருந்து இருவர் தொடர்ந்து உலக மன்றம் ஏறினர் என்பதை ஆசிரியர்கள் சற்றே மகிழ்ச்சியோடு நினைக்கலாம்.

1973இல் மூன்றாம் கடற்சட்ட மாநாடு தொடங்கியது. கரையோர நாடுகளின் கடல் எல்லை 12 கடல் மைலாக விரிந்தால், உலகின் குறுகிய நீரிணைகள் பல ஏதேனும் ஒரு நாட்டின் உடைமையாகிவிடும். கப்பல்களின் வருகையால் வாழும் சிங்கப்பூருக்கு வழி அடைபடுதல் என்பது மூச்சு அடைபடுதல். மலேசியாவின் அச்சம் வேறு. தன் கரையை ஒட்டி எண்ணெய்க் கப்பல்கள் தடையின்றிச் சென்றால், விபத்தின் பயனை நுகரப்போகிறவர் கரையிலுள்ள மீனவரே. மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாக்கா நீரிணை பன்னாட்டு நீரிணை அன்று என 1971 நவம்பரில் அறிவித்திருந்தன. அவ்வச்சம் வீண் அன்று என்பதை, 1975 சனவரியில் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டி எண்ணெயைக் கொட்டிய சோவா மாரு என்னும் சப்பானியக் கப்பல் மெய்ப்பித்தது. அண்டை நாடுகள் இரண்டும் உண்மையையே பேசின. ஆனால் இரண்டு உண்மைகளும் ஒரே வாசகத்தில் அடங்க வேண்டியிருந்தது.

வாதங்கள் பேரவை மேடையில் தீரவில்லை. பிரிட்டனும் பீஜித் தீவும் இணைந்து தலைமை தாங்கிய சிறு தனிக்குழுவொன்றில்தான் நீரிணை பற்றிய வாசகம் பெரும்பாலும் உருப்பெற்றது. பேரரசாக இருந்த நாடும் அதன் முன்னாள் குடியேற்ற நாடும் ஒரே மேசையில் அமர்ந்து சொற்களை எடைபோட்டன. முடிவில், கப்பல்கள் கடந்து செல்வதைக் கரையோர நாடுகள் நிறுத்திவைத்தல் ஆகாது என்று விதியாயிற்று. கப்பல்கள் செல்லும் தடங்களை வகுக்கவும் மாசினைத் தடுக்கவும் கரையோர நாடுகளுக்கு உரிமை கிடைத்தது.

வாசகம் ஆங்கிலத்தில் அமைந்தால் மட்டும் போதாது. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளிலும் அது ஒரே பொருள் தருதல் வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குழு அமர்ந்து, 320 விதிகளையும் ஒப்புநோக்கியது. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தல் வேண்டும்' என்பதற்கும் இடையே ஒரு நாட்டின் உரிமையே கிடந்து ஊசலாடும். இலக்கணம் கற்பிப்போர் மாணவரின் கட்டுரையில் ஒரு விகுதியைத் திருத்துகையில் பிள்ளைகள் முகம் சுளிப்பதுண்டு. அப்பிள்ளைகள் அந்த மொழிக்குழுக்களின் அறையில் ஒரு நாள் அமர்ந்திருக்க வேண்டும்.

இம்மாநாட்டின் தலைவராக விளங்கியவர் இலங்கையின் ஹாமில்டன் ஷர்லி அமரசிங்க. தம் நாட்டில் ஆட்சி மாறிய பின்னர், 1978இல் அவர் இலங்கைக் குழுவில் உறுப்பினராக இல்லை. நாடு அனுப்பாத ஒருவர் நாடுகளின் அவைக்குத் தலைமை தாங்கலாமா என்று சிலர் வழக்கெழுப்பினர். நீண்ட வாதத்திற்குப் பின் மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. தூதருக்கு அவருடைய அரசு தரும் மதிப்பு ஒன்று. உடன் பணியாற்றியோர் தரும் மதிப்பு வேறொன்று. அவருக்கு இரண்டாவது மிகுதியாகக் கிடைத்தது. பணி முடிவதைக் காணாமலே 1980 டிசம்பரில் அவர் இறந்தார்.

அடுத்த ஆண்டு தலைமை டாமி கோவிடம் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அமைந்த புதிய ஆட்சி, முந்தைய ஆட்சியின் தூதர்கள் ஆண்டுக்கணக்கில் இணங்கி வந்த பகுதிகளை மீண்டும் ஆராயப் போவதாகக் கூறியது. வாக்கெடுப்பே இன்றி ஒருமனதாக முடிப்பது என்று உழைத்தவர்கள் 1982 ஏப்ரல் 30ஆம் நாள் வாக்கெடுப்பைக் காண நேர்ந்தது. ஆதரவு 130, எதிர்ப்பு 4, நடுநிலை 17. எதிர்த்த நான்கனுள் அமெரிக்காவும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஜமைக்காவில் 119 தரப்பினர் கையெழுத்திட்டனர்; மலேசியாவும் சிங்கப்பூரும் அவர்களுள் அடங்கும். ஆயினும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய அறுபதாவது உறுதிப்பத்திரத்தை 1993 நவம்பரில் அளித்தது கயானா என்னும் சிறிய நாடு.

அமரசிங்கவின் பெயரால் ஐக்கிய நாட்டு நிறுவனம் 1981இல் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. வளரும் நாடுகளிலிருந்து கடற்சட்டம் பயில வருவோர்க்கு அது வழங்கப்படுகிறது.