ஊரைவிடப் பெரிய மைதானம்

அமெரிக்கத் தெற்கு: 6

போன வாரம் அட்லாண்டாவில் விட்டேன். அங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காரில் போனால் பர்மிங்ஹாம். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அக்கா மகன், "நேரா ஆபர்னுக்கே வந்துடுங்க மாமா, பர்மிங்ஹாம்ல இப்ப என்ன இருக்கு?" என்று போனில் கேட்டான். எனக்கு அங்கே ஒரு பழைய மைதானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் அவனே அங்கே வந்து என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

லீஜன் ஃபீல்ட் நகரின் மேற்கே, சின்னச் சின்ன வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு காலத்தில் 83,000 பேர் உட்கார்ந்த இடம். கட்டுமானம் தாங்காது என்று 2005-ல் மேல் அடுக்கை இறக்கிவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தில் தெற்கின் தலைநகரம் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்ட மைதானம். நான் போனது 2023 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் அலபாமா மாநிலம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப்போகும் ஆட்டம் முன்பெல்லாம் இங்கேதான் நடந்தது.

அலபாமா பல்கலைக்கழகமும் ஆபர்னும் 1893-ல் முதன்முதலாக மோதியதும் பர்மிங்ஹாமில்தான். 1907-க்குப் பிறகு இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விளையாட்டுக்காரர்களின் தினப்படி எவ்வளவு, நடுவரை எங்கிருந்து கூட்டிவருவது என்ற தகராறு. நாற்பத்தொரு வருடம் ஒரு மாநிலத்தின் இரண்டு பெரிய கல்லூரிகள் படிக்காசுக்காக முறைத்துக்கொண்டிருந்தன என்றால் நம்பச் சிரமம்தான். 1948-ல் சமாதானமானது. இரண்டு மாணவர் தலைவர்களும் சேர்ந்து ஒரு கைக்கோடரியைப் பூங்காவில் புதைத்தார்கள். ஆட்டம் லீஜன் ஃபீல்டில். அலபாமா 55, ஆபர்ன் 0.

ஏன் பர்மிங்ஹாம்? அப்போது மாநிலத்திலேயே பெரிய ஊர், பெரிய மைதானம், ரயில், ஹோட்டல். இரும்பு உருக்கி வளர்ந்த ஊர் என்பதால் ஆட்டத்துக்கே அயர்ன் பவுல் என்று பெயர் வந்தது. சீட்டில் இரு தரப்புக்கும் சரிபாதி. அந்நாளைய கணக்கு எளிமையானது: ஜனம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆட்டத்தை வை. 1960-ல் பர்மிங்ஹாமின் மக்கள்தொகை 3,40,887. அறுபது வருடம் கழித்து, 2020-ல் அது 2,00,733. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால், ஊர் சுருங்கியது, ஆட்டம் போய்விட்டது என்று முடிச்சுப் போடத் தோன்றும். அது சரியல்ல. நகர எல்லைக்குள் ஆள் குறைந்ததே தவிர, சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் இன்றைக்கும் பத்து லட்சத்துக்கு மேல். கல்லூரிக் கால்பந்தை டி.வி.யில் பார்ப்பதில் ஈ.எஸ்.பி.என். கணக்குப்படி பல வருடங்கள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற ஊர் அது. ஆள் இருந்தும் ஆட்டம் கைநழுவியது.

காரணம், பாட் டை என்ற பயிற்சியாளர். 1981-ல் ஆபர்னுக்கு வந்தவர், விளையாட்டுத் துறைக்கும் அவரே தலைவர். 1939-ல் ஏழாயிரத்துச் சொச்சம் இருக்கைகளோடு திறந்த ஆபர்ன் மைதானம் விரிந்து விரிந்து 1987-ல் 85,000-ஐத் தாண்டியிருந்தது. சொந்த வீட்டில் இவ்வளவு இடம் இருக்க, பாதிச் சீட்டை எதிராளிக்குக் கொடுத்து வாடகை வீட்டில் ஏன் விளையாட வேண்டும் என்று கேட்டார். அலபாமா தரப்பு முரண்டு பிடித்தது. 1989 டிசம்பர் 2-ல் ஆட்டம் முதன்முறையாக ஆபர்னுக்கு வந்தது. கூட்டம் 85,319. அதுவரை தோல்வியே காணாமல் வந்த அலபாமாவை ஆபர்ன் 30-20 என்று வென்றது. லீஜன் ஃபீல்டில் கடைசி அயர்ன் பவுல் 1998-ல். 2000-த்திலிருந்து அலபாமாவும் தன் முறைக்குத் தன் ஊரான டஸ்கலூசாவுக்குக் கொண்டுபோய்விட்டது. பெரிய நகரத்தின் ஆட்டம் இரண்டு சிற்றூர்களின் சொத்தானது. கூட்டம் குறைந்ததா என்றால், ஏறியது.

சனிக்கிழமை காலை 280-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். பர்மிங்ஹாமிலிருந்து ஆபர்ன் சுமார் 180 கி.மீ. சைலகாகா, அலெக்சாண்டர் சிட்டி, டேட்வில் என்று ஊர்கள். ஆட்டம் மதியம் இரண்டரைக்கு என்றாலும் ஏழு மணிக்கே சாலை நிரம்பிவிட்டது. கார் ஜன்னல்களில் கொடிகள். ஒரு காரில் ஆரஞ்சும் கருநீலமும், அடுத்ததில் ரத்தச் சிவப்பு. பர்மிங்ஹாமின் கூட்டம் எங்கே போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதுதான் போய்க்கொண்டிருந்தது.

அலபாமாவில் பின்பக்கம் மட்டும் நம்பர் பிளேட் இருந்தால் போதும். முன்பக்கம் அவரவர் இஷ்டம். அலெக்சாண்டர் சிட்டியில் பெட்ரோல் போட நின்றபோது பக்கத்து வண்டியின் முன்பக்கத் தகட்டைப் பார்த்தேன். பாதி சிவப்பு, பாதி நீலம். இரண்டுபட்ட வீடு என்று குறுக்கே எழுத்து. இங்கே கடைகளில் விற்கிற சாமான்தான். பர்மிங்ஹாம் புறநகரிலிருந்து வந்த வயதான தம்பதி. கணவர் ஆபர்னில் படித்தவர், அந்த அம்மா டஸ்கலூசாவில். "வருஷம் பூரா ஒண்ணாத்தான் இருக்கோம். இன்னிக்கு மட்டும் ஒரே கார்ல தனித்தனியாப் போறோம்" என்றார் அவர். லீஜன் ஃபீல்ட் காலத்தில் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாமே, இப்போது இவ்வளவு தூரமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தார். "கல்யாணத்தைப் பக்கத்திலே வெச்சா மட்டும்தான் போவீங்களா?"

இந்த மாநிலத்தில் பெரிய லீக் தொழில்முறை அணி கிடையாது. என்.எஃப்.எல். இல்லை, என்.பி.ஏ. இல்லை, பெரிய லீக் பேஸ்பால் இல்லை. ஐம்பது லட்சம் பேருக்கும் கல்லூரி ஆட்டமே கதி. அட்லாண்டாவில் நிலைமை வேறு. ஃபால்கன்ஸ், ஹாக்ஸ், பிரேவ்ஸ், கச்சேரி, மால் என்று சனிக்கிழமையைப் பங்குபோட அங்கே ஆயிரம் போட்டி. நான் ஆபர்னில் இருந்த அதே சனிக்கிழமை இரவு அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக், ஜார்ஜியாவோடு மோதியது. டெக்கின் மைதானம் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கானது. ஏதென்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஜார்ஜியாவின் மைதானத்தில் 92,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஜார்ஜியா வரும் வருடங்களில் அட்லாண்டா மைதானத்திலேயே விருந்தாளியின் சிவப்புதான் கண்ணில் அறையும் என்று அங்கே சொல்லாத ஆள் இல்லை. பெருநகரத்துக் கல்லூரிக்குக் கூட்டம் சேரும். ஆனால் அது யாருடைய கூட்டம் என்பதே சங்கடம்.

ஆபர்னின் மக்கள்தொகை 2020-ல் 76,143. மைதானத்தில் இருக்கைகள் 88,043. டஸ்கலூசாவில் 99,600 பேர், 1,00,077 இருக்கைகள். தொட்டில் குழந்தை உட்பட ஊரையே உட்கார வைத்தாலும் 477 நாற்காலி மிஞ்சும். ஆபர்னில் இன்னொரு வேடிக்கையை மருமகன் சொன்னான். இங்கே மாணவர்கள் மட்டும் 33,000 பக்கம். ஊர் ஜனத்தொகையில் பெரிய பங்கு அவர்கள். அயர்ன் பவுலோ தேங்க்ஸ்கிவிங் வாரத்துச் சனிக்கிழமையில் வருகிறது. "இந்த வாரம் பூரா லீவு மாமா. புதன்கிழமை ஹாஸ்டல்ல ஈ காக்கா கிடையாது." ஊர் வருடத்திலேயே மிகக் காலியாக இருக்கும் வாரத்தில் மைதானம் பிதுங்குகிறது.

"திருவண்ணாமலைல தீபத்தன்னிக்கு கூட்டத்தை ஊர் ஜனத்தொகையை வெச்சா மாமா கணக்குப் போடுவோம்?" என்றான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 

வளாகத்துப் புல்வெளிகளில் வரிசை வரிசையாகத் துணிப்பந்தல்கள். வியாழக்கிழமையே வந்து நின்றுவிட்ட வீட்டு வண்டிகள். ஜெனரேட்டர், டி.வி., இரும்பு அடுப்பில் மணிக்கணக்காகப் புகையில் வேகும் பன்றித் தோள்கறி. இதற்கு டெயில்கேட் என்று பெயர். மைதானத்துக்குள் போகச் சீட்டே இல்லாதவர்களும் இதற்காகவே வருகிறார்கள். நூறு மீட்டர் தள்ளி டி.வி.யில் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்தத் தலைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரு பந்தலில் எங்களைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். மூன்று தலைமுறை ஒரே இடத்தில் பந்தல் போடுகிறதாம். தாத்தா ஆபர்னில் படித்தவர், பேரன் ஹன்ட்ஸ்வில்லில் வேலை, அவன் மனைவி மொபைல் துறைமுகத்துப் பெண். வடகோடியிலிருந்தும் தென்கோடியிலிருந்தும் இந்த ஊருக்கு ஆள் வருவது இப்படித்தான். ஆபர்ன் அவர்கள் குடியிருக்கும் ஊரல்ல, உறவுமுறைக்கான ஊர்.

எங்கள் சீட்டின் விலையை எழுதினால் வீட்டில் வம்பு. வாசலில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பை தவிர வேறு பை கூடாது என்றார்கள். உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது. ஆட்டத்துக்கு முன் ஒரு கழுகை மேலிருந்து பறக்க விடுகிறார்கள். அது வட்டமடிக்க, 'வார்ர்ர்' என்று மொத்த மைதானமும் இழுத்து, அது தரை தொடும்போது 'ஈகிள், ஹே!' என்று முடிக்கிறது. எனக்கு முன் வரிசையில் கைக்குழந்தை. காதுகளில் தடித்த ஹெட்போன் மாட்டி, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்தின சனிக்கிழமை இதே மைதானத்தில் ஆபர்ன், நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியிடம் 31-10 என்று அடிவாங்கியிருந்தது. வந்து விளையாடிவிட்டுப் போக அந்த அணிக்கு ஆபர்ன் கொடுத்த பணம் 18.5 லட்சம் டாலர். கூலி கொடுத்து வாங்கிய அவமானம். பெருநகரத்து அணிக்கு இப்படி நடந்தால் அடுத்த வாரம் காலி இருக்கைகளைப் படம் எடுத்துப் போடுவார்கள். இங்கே 88,043-ம் நிரம்பின. எதிராளி யார் என்பதுதான் கூட்டத்தைத் தீர்மானிக்கிறது. தன் அணி எப்படி ஆடுகிறது என்பது இரண்டாம்பட்சம்.

ஆட்டமும் அவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. கடைசி நிமிடம் வரை ஆபர்ன் 24-20 முன்னிலை. அலபாமா கோட்டுக்குக் கிட்ட வந்து, பந்தை நழுவவிட்டு, தண்டனை வாங்கி, கோட்டிலிருந்து 31 கஜத் தொலைவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. மிச்சம் ஒரே ஒரு முயற்சி. சுற்றிலும் எல்லோரும் எழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அலபாமாவின் ஜேலன் மில்ரோ நிதானமாக நின்று, இடது மூலைக்குப் பந்தை வீசினான். ஐசாயா பாண்ட் எகிறிப் பிடித்தான். 32 விநாடி பாக்கி. அலபாமா 27-24. மேல் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த சிவப்புத் துண்டிலிருந்து மட்டும் சத்தம். லீஜன் ஃபீல்டாக இருந்திருந்தால் பாதி மைதானம் அலறியிருக்கும். சரிபாதிச் சீட்டு ஏற்பாட்டைக் கைவிட்டு ஆபர்ன் சம்பாதித்தது இந்த ஏற்றத்தாழ்வைத்தான்; அன்றைக்கு அது அவர்களுக்கு உதவவில்லை.

வெளியே வர ஒரு மணி நேரம் பிடித்தது. ஜெயித்திருந்தால் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் உள்ள ஓக் மரங்களில் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளையாக்கியிருப்பார்கள். இப்போதுள்ளவை புது மரங்கள். 2010 ஆட்டத்துக்குப் பின் ஓர் அலபாமா ரசிகர் பழைய மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டு, ரேடியோ நிகழ்ச்சிக்குத் தானே போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டார். ஜெயிலுக்கும் போனார். 2013-ல் பழைய மரங்களை வெட்டி எடுத்தார்கள்.

அந்த முனையில் பெட்ரோல் பங்க் தம்பதியை மறுபடி பார்த்தேன். அந்த அம்மாள் எதுவும் பேசாமல் எலுமிச்சை ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார். கணவர் கார் சாவியை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார். தோற்றவர் ஓட்ட வேண்டாம் என்பது வீட்டு விதியாம்.

அடுத்த வாரம் டஸ்கலூசா. வெற்றி சலித்துப்போய் மாணவர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று, நாலாவது கால்பகுதிவரை உட்கார்ந்தால் பாயின்ட் தரும் கைபேசிச் செயலியை 2019-ல் கொண்டுவந்த ஊர் அது.